பத்து வட்டிக் கடன், வெற்று செக், “இது சிவில் கேஸ்” என்ற காவல் நிலையம்: என்ன செய்வது?

கேள்வி: திண்டுக்கல் பக்கம் டிபன் கடை வைத்திருக்கிறேன். கணவரின் ஆபரேஷனுக்காகப் பத்து வட்டிக்கு ஒரு லட்சம் வாங்கினேன். முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு 90,000 கொடுத்தார். கையெழுத்து மட்டும் போட்ட இரண்டு செக், நிரப்பாத புரோநோட்டு, பைக்கின் ஆர்சி புத்தகம் எல்லாம் அவரிடம் இருக்கின்றன. பிறகு 13 மாதம் மாதம் பத்தாயிரம் கட்டினேன். இந்த மாதம் முடியவில்லை. ராத்திரி கடைக்கு ஆட்களோடு வந்து சத்தம் போடுகிறார், “செக்கைப் போட்டு உள்ளே தள்ளிவிடுவேன்” என்கிறார். ஸ்டேஷனில் “வாங்கும்போது தெரியலையா? இது சிவில் கேஸ்” என்று அனுப்பிவிட்டார்கள். என்னைக் கைது செய்வார்களா? (பெயர் வேண்டாம்)

பதில்: சகோதரி, ஸ்டேஷனில் சொன்னது தவறு. வாங்கிய கடன் சிவில் விவகாரம்தான், ஆனால் வாங்கப்படும் அந்த வட்டி தமிழ்நாட்டில் குற்றம். தமிழ்நாடு அதீத வட்டி வசூல் தடைச் சட்டம், 2003 இதற்காகவே கொண்டுவரப்பட்டது. தின வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பேரைச் சொல்லியே தடை செய்திருக்கிறது. தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, முப்பதாயிரம் ரூபாய் வரை அபராதம். ஐபிசி போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்ததும் பழைய சட்டமெல்லாம் போய்விட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். 2024 ஜூலை 1-இல் மாறியவை மத்திய அரசின் பொதுச் சட்டங்கள். இந்த மாநிலச் சட்டம் அப்படியே இருக்கிறது. ஆட்களோடு வந்து மிரட்டுவது சன்ஹிதாவின் 351-ஆம் பிரிவில் தனிக் குற்றம்.

இனி கணக்கைப் பார்ப்போம். மாதம் நூற்றுக்குப் பத்து என்றால் ஆண்டுக்கு 120 சதவீதம். இங்கே தனியார் கடனுக்கு அனுமதிக்கப்பட்டது ஆண்டுக்கு 12 சதவீதம். நீங்கள் கையில் வாங்கிய 90,000-க்கு அந்த விகிதத்தில் 14 மாத வட்டி (முதலில் பிடித்துக்கொண்ட மாதமும் சேர்த்து) 12,600 ரூபாய். அசலோடு சேர்த்து 1,02,600. நீங்கள் கட்டியிருப்பது 1,30,000. அதாவது சட்டப்படியான கடன் ஏற்கெனவே அடைந்துவிட்டது என்று வாதாட உங்களுக்கு நல்ல இடம் இருக்கிறது. ஆனால் கந்து வட்டிக்காரர் என்பதாலேயே அசலும் தள்ளுபடி ஆகிவிடாது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், வாங்கிய கடனைத் தராமல் இருக்கவே கந்து வட்டிப் புகார் கொடுப்பவர்களும் உண்டு. அதனால் நீதிமன்றங்கள் இப்படிப்பட்ட புகாரைச் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கின்றன. “அதிக வட்டி கேட்கிறார்” என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் புகார் நிற்காது.

எந்தத் தேதியில், எவ்வளவு, என்ன வட்டிக்கு வாங்கினீர்கள், எந்தெந்த மாதம் எப்படிக் கட்டினீர்கள், யார் பார்த்தார்கள் என்று எழுதுங்கள். ரொக்கமாகக் கொடுத்ததற்கு ரசீது இருக்காது, தெரியும். ஜிபேயில் ஒரு மாதம் அனுப்பியிருந்தால்கூட அந்த ஸ்கிரீன்ஷாட்டும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் போதுமான தொடக்கம். மிரட்டல் போன்கால் பதிவானால் அந்த போனையே பத்திரமாக வையுங்கள், மாற்றவோ விற்கவோ வேண்டாம்.

புகாரை எழுத்தில் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது கேளுங்கள். வாங்க மறுத்தால் மாவட்ட எஸ்.பி.க்கு ஸ்பீடு போஸ்ட்டில், ஒப்புகையோடு அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 175(3) பிரிவு அதற்கு வழி. குற்றத்தின் தன்மையைப் பொறுத்து, எஃப்ஐஆர் போடுவதற்கு முன் டிஎஸ்பி அனுமதியோடு 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்று இப்போது சட்டத்திலேயே இருக்கிறது. உடனே வழக்கு பதியவில்லை என்று மனம் தளர வேண்டாம். திங்கட்கிழமை ஆட்சியரிடம் மனு கொடுப்பதில் தப்பில்லை, ஆனால் அந்த மனு கடைசியில் போலீசுக்கே திரும்பி வரும்.

அப்புறம் செக். என் கணிப்பில் கடைக்கு வரும் ஆட்களைவிட அந்த இரண்டு செக்தான் ஆபத்து. கையெழுத்து போட்ட வெற்று செக்கை அவர் நிரப்பிப் போட்டாலும், கடனுக்காகக் கொடுத்தது என்றே சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். 2019-இல் பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அப்படி இல்லை என்று காட்டும் பாரம் உங்கள் மேல். செக் திரும்பிய தகவல் கிடைத்து 30 நாளுக்குள் அவர் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கையில் வந்த பிறகு 15 நாள் அவகாசம். அந்த 15 நாளுக்குள் வக்கீல் மூலம் பதில் போய்விட வேண்டும். வெற்று செக்காக வாங்கியது, வட்டி விகிதம், கட்டிய தொகை எல்லாம் அதில் இருக்கட்டும். பேசாமல் இருந்தவர்கள்தான் இந்த வழக்குகளில் அதிகம் மாட்டுகிறார்கள்.

இப்போதே செக் எண்களைக் குறித்து வங்கிக்கு ஒரு கடிதம் கொடுத்து முத்திரை வாங்கி வையுங்கள். ‘ஸ்டாப் பேமென்ட்’ சொன்னாலே தப்பிக்கலாம் என்பது பிரமை, அப்படித் திரும்பும் செக்குக்கும், செக் திரும்புவதைக் குற்றமாக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு பொருந்தும். ஆனால் தகராறு முற்றுவதற்கு முன்பே நீங்கள் சொல்லியிருந்தீர்கள் என்பதற்கு அந்தக் கடிதம் சாட்சி.

கைது பயம் வேண்டாம். செக் வழக்கு தனிப்புகாராக மாஜிஸ்திரேட் கோர்ட்டில் நடப்பது, போலீஸ் வந்து பிடித்துப் போகும் விவகாரம் அல்ல. ஜாமீனில் விடக்கூடிய குற்றம். சம்மன் வந்தும் போகாமல் இருந்தால்தான் வாரண்ட் வரும்.

கடன் பாக்கி இருப்பதாகக் கோர்ட் கருதினாலும் 2003 சட்டத்தில் இன்னொரு வழி உண்டு: அசலையும் சட்டப்படியான வட்டியையும் நீங்களே கோர்ட்டில் கட்டி, கடன் தீர்ந்ததாகப் பதிவு செய்யச் சொல்லலாம். ஏனோ வக்கீல்களே இதை அதிகம் பயன்படுத்துவதில்லை.

செலவை நினைத்துத் தயங்காதீர்கள். பெண் என்பதால் வருமானம் எவ்வளவு என்று பாராமல் உங்களுக்கு இலவச வக்கீல் கிடைக்கும். மாவட்டக் கோர்ட் வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்குப் பேசுங்கள். போகும்போது செக்புக்கின் அடிக்கட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். ஆர்சி புத்தகம் அவரிடம் இருப்பதையும் புகாரிலேயே சேர்த்துவிடுங்கள். அதைத் தனியாகக் கேட்கப் போய் அவர் வீட்டு வாசலில் நிற்க வேண்டாம்.