முதியோரும் உடற்பயிற்சியும்: இயன்மருத்துவர் பதில்கள்

கேள்வி (வெள்ளவத்தை): அம்மாவுக்கு 71 வயது; சீனி வருத்தம் உண்டு. நடக்காவிட்டால் கால் பழுதாகும் என்று எவ்வளவு சொல்லியும் அவர் அசைவதில்லை. என்ன செய்வது?

பதில்: பயமுறுத்துவதை முதலில் நிறுத்துங்கள். நோய்ப்பயம் ஒருவரைச் சில நாட்கள் நடக்க வைக்கும். ஆனால் நான் பார்த்தவரையில், ஆண்டுக்கணக்கில் நடப்பவர்களை வாசலுக்கு வெளியே கொண்டுவருவது தமக்கு விருப்பமான ஒரு காரியமோ, தமக்காகக் காத்திருக்கும் ஓர் ஆளோதான். எவருடைய கையையும் பிடிக்காமல் எதைத் தொடர்ந்து செய்ய ஆசைப்படுகிறார் என்று அம்மாவிடம் கேளுங்கள். பம்பலப்பிட்டிக் கோயிலுக்குத் தனியே போய்வருவது, சந்தையில் தானே மரக்கறி தெரிந்து வாங்குவது, பேரப்பிள்ளையைத் தூக்குவது என்று அவர் எதைச் சொன்னாலும் அதுவே பயிற்சியின் இலக்கு. மாலையில் நீங்களும் மெரைன் டிரைவில் அவருடன் நடந்தால், நூறு அறிவுரைகளைவிட அது பயன்தரும்.

கேள்வி (கொட்டாஞ்சேனை): நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஒருமுறை குளியலறையில் விழுந்ததிலிருந்து வெளியே போகவே பயமாக இருக்கிறது.

பதில்: ஐயா, உங்கள் பயம் நியாயமானது. ஆயினும் பயந்து அமர்ந்திருக்க, தொடைத் தசை மெலிந்து, சமநிலை குறைந்து, மீண்டும் விழும் வாய்ப்பே கூடுகிறது. தலைச்சுற்றி விழுந்திருந்தால், முதலில் வைத்தியரிடம் இரத்த அழுத்தத்தையும் மருந்துகளையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நியூசிலாந்தில் உருவான ஒட்டாகோ பயிற்சித் திட்டம் கால்வலுவையும் சமநிலையையும் வீட்டிலேயே வளர்ப்பது. அதைச் செய்த முதியோரிடையே விழுதல்கள் ஏறத்தாழ 35 சதவீதம் குறைந்தன. நீங்கள் சுவரோடு சேர்த்து வைத்த உறுதியான கதிரையில், அருகில் ஒருவர் நிற்க, எழுந்து அமர்வதிலிருந்து தொடங்கலாம். எத்தனை முறை முடிந்தது என்பதை நாட்காட்டியில் எழுதுங்கள். மூன்று முறை ஐந்து முறையாகக் கூடுவதைத் தம் கண்ணாலேயே கண்டவர் அடுத்த நாளும் எழுவார்.

கேள்வி: வாரத்துக்கு எவ்வளவு நேரம் தேவை?

பதில்: உலக சுகாதார அமைப்பின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டல், மிதமான உழைப்பில் 150 முதல் 300 நிமிடங்கள் என்கிறது. 65 வயதைக் கடந்தோருக்கு வாரத்தில் மூன்று நாட்களாவது சமநிலை, தசைவலுப் பயிற்சிகளும் வேண்டும். ஐந்து நிமிட நடையும் கணக்கில் சேரும். கொழும்பு வெயிலுக்கு முன்னதாக, காலையிலேயே சுதந்திரச் சதுக்கத்துக்கோ விகாரமகாதேவிப் பூங்காவுக்கோ போய்விடுங்கள்.

கேள்வி: முழங்கால் தேய்வு உள்ளவர்கள் நடக்கலாமா?

பதில்: நடக்கலாம். தொடைத் தசை வலுவடைய வலி குறையும். மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால் மட்டும் முதலில் வைத்தியரைப் பாருங்கள்.