பட்ஜெட் கம்மி, செகண்ட் ஹேண்ட் மெட்டல் டிடெக்டர் வாங்கலாமா? எதையெல்லாம் பார்த்து வாங்கணும்?

தாராளமா வாங்கலாம். பேரே தெரியாத புது மெஷினை வாங்குறதுக்கு, நல்ல கம்பெனியோட பழைய மெஷின் எவ்வளவோ மேல். வி.எல்.எஃப்னு சொல்ற, ரொம்பக் குறைஞ்ச ஃப்ரீக்வென்சியில ஓடுற சாதாரண வகை மெஷின் எல்லாமே அடிப்படையில ஒரே வேலையைத்தான் செய்யுது, ஒரு காயில் (கம்பிச் சுருள்) காந்தப்புலத்தை மண்ணுக்குள்ள அனுப்பும், உள்ள உலோகம் இருந்தா அதுல சுழல் மின்னோட்டம் உண்டாகும், அதை இன்னொரு காயில் பிடிச்சு சவுண்டு குடுக்கும். அதனால பத்து வருஷப் பழசுங்கிறதாலயே அது வீணாப் போயிடாது, எந்த நிலைமையில இருக்குங்கிறதுதான் முக்கியம்.

ஆனா மாடலைத் தேடுறதுக்கு முன்னாடி எங்க தேடப் போறீங்கன்னு முடிவு பண்ணிடுங்க. காஞ்ச தரை, மைதானம், தோட்டம்னா ஒரே ஃப்ரீக்வென்சி மெஷின் போதும், காரெட் ஏஸ் 250 மாதிரி, 6.5 கிலோஹெர்ட்ஸ், நாலு சாதா ஏஏ பேட்டரியில ஓடும், பழகவும் ஈஸி. கடற்கரையில ஈர மணல்ல தேடணும்னா கதையே வேற, உப்புத் தண்ணியே மின்சாரத்தைக் கடத்துறதால ஒரே ஃப்ரீக்வென்சி மெஷின் சும்மா சும்மா கத்தும். அதுக்கு மைன்லேப் ஈக்வினாக்ஸ் மாதிரி ஒரே நேரத்துல பல ஃப்ரீக்வென்சியில தேடுற மல்டி ஃப்ரீக்வென்சி வேணும், இல்லைன்னா காந்தப்புலத்தை விட்டு விட்டு துடிப்பா அனுப்புற பல்ஸ் இண்டக்ஷன் வகை. பல்ஸ்ல இரும்பைத் தனியா பிரிச்சுப் பார்க்கிறது கஷ்டம், ஆணி எல்லாத்தையும் தோண்டிட்டே இருக்கணும், அதை யோசிச்சுக்கோங்க.

அடுத்து மெஷினை நேர்ல பார்க்கிறது. போட்டோவை மட்டும் பார்த்து காசு அனுப்பாதீங்க. நான் முதல்ல பார்க்கிறது காயிலும் அதுல இருந்து வர்ற கேபிளும்தான், ஏன்னா அடி படுறது அங்கதான். மெஷினை ஆன் பண்ணி காயிலை விரலால லேசா தட்டுங்க, கேபிள் காயிலுக்குள்ள நுழையுற இடத்தை மெதுவா அசைச்சுப் பாருங்க, பக்கத்துல உலோகமே இல்லாம கிறீச் கிறீச்னு சவுண்டு வந்தா உள்ள ஏதோ பிரச்சனை. அதுக்கு முன்னாடி காயில் கவரைக் கழட்டி உள்ள சேர்ந்த மணலைத் தட்டிடுங்க, சில நேரம் அந்த மணலாலயே பொய் சிக்னல் வரும். பேட்டரி போடுற இடத்துல பச்சையா வெள்ளையா பூத்திருந்தா பேட்டரி ஒழுகியிருக்குன்னு அர்த்தம். லித்தியம் பேட்டரி உள்ளேயே வச்ச மாடல்னா சார்ஜ் எவ்வளவு நேரம் நிக்குதுன்னு கேளுங்க. வாட்டர் ப்ரூஃப்னு சொன்னாலும் பழைய ரப்பர் சீலை நம்பி தண்ணியில முக்காதீங்க.

டெஸ்ட் பண்ண ஒரு காசு, ஒரு துருப்பிடிச்ச ஆணி, கொஞ்சம் அலுமினிய ஃபாயில் கொண்டு போங்க. வீட்டுக்குள்ள பண்ணா டிவி, ஒயரிங் எல்லாம் சேர்ந்து மெஷினைக் குழப்பும், அதனால வெளிய போய், போனைத் தள்ளி வச்சுட்டு, கையில இருக்கிற மோதிரம் வாட்ச்சையும் கழட்டிட்டு, காசை காயிலுக்கு ஒரு சாண் தள்ளி குறுக்கும் நெடுக்குமா அசைங்க. ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி சவுண்டு, ஸ்க்ரீன்ல என்ன உலோகம்னு காட்டுற நம்பர் இருந்தா அதுவும் கிட்டத்தட்ட ஒண்ணாவே வரணும். அப்புறம் ஆணியைக் காட்டுங்க, ரெண்டையும் பக்கத்துல வச்சும் பாருங்க. ஃபாயிலைக் காட்டினா ஒரு விஷயம் புரியும், சின்ன தங்க நகையும் அதே ரேஞ்சுலதான் வரும், வேண்டாத உலோகத்துக்கு சவுண்டு வராம பண்ற டிஸ்க்ரிமினேஷன் செட்டிங்ல ஃபாயிலை ஒதுக்கினா தங்கமும் சேர்ந்து போயிடும். காத்துல கிடைக்கிற ஆழம் மண்ணுல அப்படியே கிடைக்காது, விக்கிறவர் சொல்ற அடிக்கணக்கை நம்பாதீங்க, காசு அளவு பொருள் ஒரு அடிக்குள்ள கிடைச்சாலே நல்ல மெஷின்.

போலி நிறைய சுத்துது, முக்கியமா மைன்லேப், காரெட் பேர்ல. சீரியல் நம்பரை வாங்கி கம்பெனிக்கு அனுப்பி விசாரிச்சுட்டு அப்புறம் காசு குடுங்க. டிடெக்டர் கம்பெனிகள்ல டெசோரோ 2018லயும் வைட்ஸ் 2020லயும் மூடிட்டாங்க, மெஷின் அருமையானதுதான், ஆனா லைஃப்டைம் வாரண்டி இருக்குன்னு யாராவது சொல்லி கூடுதலா கேட்டா குடுக்காதீங்க, வாரண்டி குடுக்க கம்பெனியே இல்லை, காயில் போனா மாத்துறதும் சிரமம். ரெண்டு கம்பி நீட்டிக்கிட்டு நூறு மீட்டர் தள்ளி இருக்கிற தங்கத்தைக் காட்டும்னு விக்கிற லாங் ரேஞ்ச் லொக்கேட்டர் பக்கமே போகாதீங்க, அது சுத்த மோசடி.

மொத்த காசையும் மெஷின்லயே போட்டுடாம ஒரு பின்பாயிண்டருக்கு, அதாவது தோண்டின குழிக்குள்ள பொருள் சரியா எங்க இருக்குன்னு காட்டுற சின்ன கைக்கருவிக்கு, ஒதுக்கி வைங்க. அது இல்லாம ஒரு சின்ன காசைத் தோண்டின மண்ணுக்குள்ள தேடுறது பெரிய வேதனை, விலை கம்மி மெஷினும் பின்பாயிண்டரும் சேர்ந்ததுதான் என்னோட சாய்ஸ். தொல்லியல் இடங்கள்ல தேடுறது பல நாடுகள்ல குற்றம், மத்த இடத்துலயும் நிலத்துக்காரர் அனுமதி வேணும், அதனால உங்க ஊர் சட்டம் என்னன்னு வாங்குறதுக்கு முன்னாடியே பார்த்துடுங்க.