தீ வைப்பதும் செட், அலாரம் வைப்பதும் செட்

கேள்வி: எட்டாவது படிக்கும் என் மகள் 'செட்' என்ற சொல்லுக்கு அகராதி பார்த்தாள். பொருள் ஒரு பக்கத்துக்கு நீள்கிறது. அத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா? "இந்த டியூஷன் எனக்கு செட்டாகல" என்பதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதி டீச்சரிடம் சுழி வேறு வாங்கியிருக்கிறாள். அதில் என்ன தப்பு?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: ஒரு பக்கத்தோடு விட்டதே, சந்தோஷப்படுங்கள். 1989-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் 'செட்' என்ற வினைக்கு மட்டும் சுமார் 430 பொருள். வெள்ளைக்காரரே அதை மனப்பாடம் செய்வதில்லை.

மகளிடம் நம்முடைய 'வை'யைக் காட்டுங்கள். அலாரம் வைக்கிறோம், எலிப்பொறி வைக்கிறோம், தீ வைக்கிறோம். மூன்றுக்கும் ஆங்கிலத்தில் செட்தான். குழம்பு வைக்கவும் பெயர் வைக்கவும் அங்கே வேறு சொல். 'வை'க்கு எத்தனை பொருள் என்று உங்கள் மகள் எண்ணியா பேசுகிறாள்?

இதன் பிறப்பும் நமக்குப் பழகியதுதான். உட்காருவது சிட்; உட்கார வைப்பது செட். தமிழில் இரு, இருத்து என்பது போல. ஒன்று தன்வினை, மற்றது பிறவினை. மோதிரத்தில் கல்லைப் பதிப்பது, விலகிய எலும்பை அதன் இடத்தில் சேர்ப்பது, விலை நிர்ணயிப்பது எல்லாமே ஒன்றை அதற்குரிய இடத்தில் இருத்துவதுதானே? சிமென்ட் இறுகுவதும் சூரியன் மறைவதும்கூட செட்தான். அவை தாமாக நடப்பவை, அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்கள் ஊர்த் தட்டுவடை செட் வேறு கிளை. கூட்டம், தொகுதி என்ற பொருளில் வரும் அந்தச் சொல் லத்தீன் மொழியின் 'செக்டா'விலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. பம்பு செட், மைக் செட் எல்லாம் அந்த வகை. பின்னாளில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிட்டன.

சரி, 'செட்டாகல'. அது நாம் செய்துகொண்ட தமிழ். பேச்சில் தாராளமாக இருக்கட்டும். ஆங்கிலத்தில் எழுதும்போது அந்த இடத்தில் 'சூட்' என்ற வினையைப் போட வேண்டும்.

மகள் கவனிக்க வேண்டிய இடம் இன்னொன்று: செட் அசைட். சமையல் குறிப்பில் இதற்கு 'தனியே எடுத்து வை' என்று பொருள். கோர்ட் செய்தியில் 'ரத்து செய்தது'. நான் மொழிபெயர்க்கத் தொடங்கிய புதிதில், மேல்கோர்ட் தீர்ப்பை 'எடுத்து வைத்தது' என்று எழுதி, ஆசிரியரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.