பொறியியல் பட்டத்தோடு காப்புரிமைத் துறைக்கு வர முடியுமா?

கேள்வி: இயந்திரப் பொறியியலில் பட்டம் பெற்று, தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிகிறேன். காப்புரிமைச் சட்டத் துறைக்கு மாற விரும்புகிறேன். அதற்கு முதலில் மூன்றாண்டுச் சட்டப் படிப்பை முடித்தாக வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. கண்டுபிடிப்பாளர் சார்பில் காப்புரிமை விண்ணப்பங்களைக் கையாளும் காப்புரிமை முகவராகப் பதிவு பெற விரும்புபவர், 21 வயது நிறைந்த இந்தியக் குடிமகனாகவும் அறிவியல், பொறியியல் அல்லது தொழில்நுட்பத்தில் பட்டம் பெற்றவராகவும் இருந்து, அதற்கான தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்கிறது 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தின் 126ஆம் பிரிவு. சட்டப் பட்டத்தை அது கேட்கவில்லை.

சட்டமும் விதிகளும் பற்றிய முதல் தாளுக்கு 100, விண்ணப்ப ஆவணங்களை எழுதுவதும் அவற்றுக்குப் பொருள் கொள்வதும் பற்றிய இரண்டாம் தாளுக்கு 100, நேர்முகத் தேர்வுக்கு 50 என மதிப்பெண்கள் அமைந்துள்ளன. இரு தாள்களிலும் தனித்தனியே 50 பெறுவதோடு மொத்தத்தில் 60 விழுக்காடும் பெற வேண்டும்.

இரண்டாம் தாளுக்குத்தான் நீங்கள் அதிகம் உழைக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏனெனில் இத்தொழிலின் உயிரே உரிமைக்கோரல்களை, அதாவது கண்டுபிடிப்பில் எதற்கெல்லாம் பாதுகாப்பு கேட்கிறோம் என்று வரையறுக்கும் வாசகங்களை, எழுதும் திறனில் இருக்கிறது. ஒருவர் புதிய வால்வு ஒன்றைக் கண்டுபிடித்துப் பித்தளையில் செய்திருக்கிறார் என்று கொள்வோம். உரிமைக்கோரலில் 'பித்தளை' என்று எழுதிவிட்டால், அதையே எஃகில் செய்து விற்பவர் தப்பிக்க வழி பிறக்கும். 'உலோகம்' என்று விரித்து எழுதினாலோ, அதே அமைப்புடைய எஃகு வால்வு ஏதேனும் பழைய ஆவணத்தில் காணப்பட்டால் புதுமை இல்லை என்று கோரிக்கை நிராகரிக்கப்படலாம். அந்த வால்வு இயங்குவதற்குப் பித்தளைதான் காரணமா, அதன் வடிவம் காரணமா என்பதைப் பிரித்தறிந்து சொல்லப் பொறியியல் அறிவு வேண்டும். சட்டம் தொழில்நுட்பப் பட்டத்தை வற்புறுத்துவதன் நியாயத்தை இங்கே காணலாம்.

முகவர் என்ற தகுதியோடு காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர் முன் வாதாடலாம், ஆவணங்களைத் தயாரிக்கலாம், விண்ணப்பத்தை ஆராய்ந்து காப்புரிமை அலுவலகம் அனுப்பும் தேர்வாய்வு அறிக்கைகளுக்கு மறுமொழி அளிக்கலாம். உரிமை மீறல் வழக்குகளோ மாவட்ட நீதிமன்றத்திலோ உயர் நீதிமன்றத்திலோ நடப்பவை. அங்கே வாதாட வழக்கறிஞராக வேண்டும். ஆகவே முதலில் முகவர் தேர்வில் தேறி, அனுபவமுள்ள ஒருவரிடம் சிறிது காலம் பணியாற்றுங்கள். நீதிமன்றப் பணியில் உங்களுக்கு உண்மையான நாட்டம் இருக்கிறதா என்பது தெளிந்த பிறகு சட்டப் படிப்பில் சேரலாம். மூன்றாண்டுச் சம்பளத்தை இழப்பது எளிய முடிவன்று.

வேலையை விடாமலே இன்றைக்குத் தொடங்கக்கூடிய பயிற்சியும் உண்டு. காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் உங்கள் துறை சார்ந்த, வழங்கப்பட்ட காப்புரிமை ஒன்றை எடுத்து, உரிமைக்கோரல்களைப் பார்க்காமல் விளக்கப் பகுதியை மட்டும் படித்து, நீங்களே கோரல்களை எழுதிப் பின்னர் ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் பயிற்சிக்காக உங்கள் தொழிற்சாலையின் வெளியிடப்படாத வடிவமைப்புகளை எடுத்துக்கொள்ளாதீர்கள்.