அம்மாவை இழந்த துக்கத்தில் இருக்கும்போது சிரிப்பு வருவது தவறா? மற்றவர்களோடு மீண்டும் பழகுவது எப்படி?

தாயை இழந்து சில மாதங்களே ஆன ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். நண்பர்களோடு இருக்கும்போது தன்னை அறியாமல் சிரித்துவிடுவதாகவும், வீட்டுக்கு வந்ததும் அது மனத்தை உறுத்துவதாகவும், அதனால் யாரையும் பார்க்கப் போவதையே குறைத்துக்கொண்டதாகவும் எழுதியிருக்கிறார். தவறில்லை என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்; அதை ஏற்கெனவே பலர் அவரிடம் சொல்லியிருப்பார்கள், உறுத்தல் குறைந்திருக்காது. ஆகவே அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது, யாரோடு இருக்கும்போது வருகிறது என்பதை நான் கண்ட அளவில் எழுதுகிறேன்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், மார்த்தாண்டத்துக்கு அருகில் வசிக்கும் தமிழாசிரியை. என் கணவர் தேனீ வளர்த்தவர். எங்கள் பகுதியில் தேன் என்றால் பெரும்பாலும் ரப்பர் தேன்தான். இலையுதிர்த்து நிற்கும் ரப்பர் மரங்கள் மீண்டும் தளிர்விடும்போது, மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தில் இனிப்பு நீர் சுரக்கும். பூவைத் தேடாமல் தளிரிலிருந்தே தேனீக்கள் அதை எடுத்துக்கொள்ளும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான அந்தப் பருவத்தில், தேனீக்காரர்கள் தங்கள் பெட்டிகளைக் கொண்டுபோய்ப் பிறருடைய தோட்டங்களில் வைப்பார்கள். என் கணவர் மாரடைப்பால் இறந்தது அந்தப் பருவத்தின் நடுவில். பெட்டிகள் அருமனை, களியல், குலசேகரம் என்று பல இடங்களில் தேன் நிறைந்து கிடந்தன. எந்தத் தோட்டத்தில் எத்தனை என்பது அவருக்கு மட்டுமே தெரியும்.

அவர் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். அதைத் திறந்தபோதுதான் சங்கடம் புரிந்தது. தோட்டத்துக்காரர் ஒருவருக்குக்கூட அதில் சொந்தப் பெயர் இல்லை. 'கஞ்சன் – கிணற்றுக்கு மேல்', 'இருமல் – இரண்டு தட்டு', 'பல்லன் – நாய் உண்டு' என்று பக்கம் முழுக்கப் பட்டப்பெயர்கள். கைபேசியிலும் அதே கதைதான். துக்க வீட்டிலிருந்து ஒரு விதவை தொலைபேசியில் அழைத்து, "நீங்கள்தானே கஞ்சன்?" என்று எப்படிக் கேட்க முடியும்? என் மகனும் கொழுந்தனும் நானும் அந்தப் புத்தகத்தை நடுவில் வைத்துக்கொண்டு, யார் பேசுவது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் நானே ஓர் எண்ணை அழைத்து, சுற்றி வளைத்து, கிணற்றுக்கு மேலே பெட்டி வைத்திருக்கிறாரா என்று விசாரித்தேன். மறுமுனையில் இருந்தவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "மைனி, கஞ்சன்னு எழுதியிருக்காரா? அப்பம் அது நான்தான்" என்றார். மறுநாள் இன்னொருவர் அழைத்து, கஞ்சன் தாமாகத்தான் இருக்க வேண்டும், மற்றவருக்கு அந்தத் தகுதி கிடையாது என்று வாதாடினார்.

அன்று நான் சிரித்தேன். பதினாறாம் நாள் அடியந்திரம்கூட முடிந்திருக்கவில்லை. உள்ளறையில் இருந்த உறவினர் ஒருவர், "கேதம் கேக்க ஆள் வருற வீட்டுல என்ன சிரிப்பாணி?" என்று கேட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் ஆண் சிரித்தால் 'மனத்தைத் தேற்றிக்கொள்கிறான்' என்றும், கணவனை இழந்த பெண் சிரித்தால் 'இவளுக்கு ஒன்றுமில்லை' என்றும் எடுத்துக்கொள்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது, அதை யாராவது எழுதித்தான் ஆகவேண்டும். கேள்வி கேட்டவரின் உறுத்தலில் ஒரு பங்கு, அவருடைய துக்கத்திலிருந்து வந்ததன்று; பார்க்கிறவர்களின் கண்ணிலிருந்து வந்தது என்றே நினைக்கிறேன்.

அந்த வாரங்களில் பெட்டிகளைத் தேடிப் போன ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு கதை இருந்தது. ஓரிடத்தில் என் கணவர், "எனக்க தேனீ பாவம், ஆரையும் கொட்டாது" என்று உறுதி சொல்லி முடிப்பதற்குள் கூட்டம் கலைந்து துரத்த, ஷீட் உலர்த்தும் புகைப்புரைக்குள் ஓடி ஒளிந்துகொண்டாராம். "நல்லாப் புகைபிடிச்சு நாலாம் கிரேடா வெளிய வந்தாரு அக்கா" என்றார் அங்கே பால்வெட்டுகிறவர். ரப்பர் ஷீட்டைப் புகையில் உலர்த்தி, கிரேடு கிரேடாகத் தரம் பிரிப்பார்கள்; அப்படித் தரம் பார்த்துப் பழகியவர்களுக்கு மட்டுமே அதன் முழுச் சுவையும் விளங்கும். இன்னொரு வீட்டில், பழைய பிராந்திக் குப்பிகளில் தேன் கொண்டுபோய்க் கொடுத்துவந்ததால் அவரைப் பெருங்குடிகாரர் என்று அந்த வீட்டுப் பாட்டி நெடுங்காலம் நம்பியிருந்திருக்கிறார். அவர் இறந்த செய்தி கேட்டதும், "குடிச்சு குடிச்சு போயிட்டானே மக்களே" என்று அழுதாராம். அதைக் கேட்டு நானும் அந்த வீட்டு மருமகளும் அழுதுகொண்டே சிரித்தோம். 1990களின் தொடக்கத்தில் தாய்லாந்து சாக்புரூட் என்ற வைரஸ் நோய் பரவித் தென்னிந்தியாவில் இந்தியத் தேனீக் கூட்டங்கள் பெருமளவில் அழிந்தன. மார்த்தாண்டம் பகுதியில் ஏராளமான குடும்பங்கள் தொழிலையே இழந்தன. காலியாகிப்போன தன் பெட்டிகளை வரிசையாக அடுக்கி, அவற்றின்மேல் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு, "இவ்வளவு வீடு உள்ள பணக்காரன் இந்த ஊருல வேற ஆரு இருக்கான்?" என்று கேட்டாராம் என் கணவர். திருமணத்துக்கு முந்தைய அந்தக் கதையை நான் கேட்டது, அவர் இறந்த பிறகு, அவருடைய நண்பரிடமிருந்து.

நான் சொல்ல வருவது இதுதான். இறந்தவர் நம் வீட்டில் மட்டும் வாழ்ந்திருக்கவில்லை. அவருடைய பகுதிகள் பலரிடம் சிதறிக் கிடக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை வேடிக்கையான பகுதிகள், ஏனென்றால் மனிதர்கள் ஒருவரைப் பற்றி நெடுநாள் நினைவில் வைத்திருப்பதும் திரும்பத் திரும்பச் சொல்வதும் அப்படிப்பட்டவற்றைத்தான். துக்கம் நம்மை வீட்டுக்குள் அடைக்கும்போது, நம்மிடம் இருக்கும் பகுதி மட்டுமே மிஞ்சுகிறது. அதுவும் மருத்துவமனை, கடைசி நாள் என்ற அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. பிறரைப் பார்க்கப் போகும்போதுதான் முழு ஆள் கிடைக்கிறார். ஆகவே, நண்பர்களோடு இருக்கும்போது வரும் சிரிப்பு அம்மாவை மறந்ததன் அடையாளம் என்று எண்ணிக்கொண்டு ஆட்களைப் பார்ப்பதைக் குறைப்பவர், அம்மாவைச் சந்திக்கக்கூடிய இடங்களையே குறைத்துக்கொள்கிறார்.

இதை ஆராய்ந்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர்கள் டாக்கர் கெல்ட்னரும் ஜார்ஜ் பொனானோவும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், வாழ்க்கைத்துணையை இழந்து ஏறத்தாழ ஆறு மாதமானவர்களை இறந்தவரைப் பற்றிப் பேசச் சொல்லி, முகபாவங்களை வீடியோவில் பதிவுசெய்து பார்த்தார்கள். பேச்சின் நடுவே கண்ணோரம் சுருங்க உண்மையாகச் சிரித்தவர்களிடம் மனவேதனையின் அழுத்தம் குறைவாகவும், பிறரோடு உறவு நன்றாகவும் இருந்தது. அந்தப் பதிவுகளைப் பார்த்த அயலாரிடமும் அவர்கள் நல்ல உணர்வையே எழுப்பினார்கள். சிரித்ததால் தேறினார்களா, தேறக்கூடியவர்களாக இருந்ததால் சிரித்தார்களா என்று அதை வைத்து முடிவுகட்ட முடியாது. ஆனாலும் துக்கமும் சிரிப்பும் ஒரே பேச்சில், ஒரே முகத்தில் இருக்கக்கூடியவை என்பதற்கு அது போதும். மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் என்ற ஆய்வாளர்கள் 1999இல் முன்வைத்த கருத்தும் இதற்கு அருகில் வருகிறது: துக்கப்படுகிறவர் இழப்பை நோக்கியும், அன்றாட வாழ்வை நோக்கியும் மாறி மாறிப் போய்வந்துகொண்டிருப்பார், அப்படிப் போய்வருவதே இயல்பு, ஒரே பக்கத்தில் தங்கிவிடுவதுதான் கடினம்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் சிலர்மேல் எனக்கு ஒரு குறை உண்டு. 133 அடி வள்ளுவர் சிலை கடலுக்குள் நிற்கும் மாவட்டம் இது; அதனாலோ என்னவோ, துக்கம் கேட்க வருகிறவர்கள் 'இடுக்கண் வருங்கால் நகுக' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். வகுப்பில் அதை நடத்துகிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: அது பொருட்பாலில், அரசியல் என்ற பகுதியின் கடைசி அதிகாரத்தில், இடுக்கணழியாமையில் வருகிறது. வினையில் இறங்கியவனுக்கு இடையூறு வரும்போது துவளாதே என்று சொல்கிற இடம் அது. நேற்றுத் தாய்க்குக் கொள்ளிவைத்தவனிடம் போய்ச் சிரி என்று சொல்வதற்காக எழுதப்பட்டதன்று. ஏவிச் சிரிக்கவைக்கும் முயற்சிகளும் அப்படித்தான். மனத்தை மாற்றுவதற்காக யாரோ கைபேசியில் காட்டிய நகைச்சுவைக் காட்சிகளில் எனக்கு ஒன்றுகூடச் சிரிப்பு வரவில்லை. ஆனால் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டிக்குக் கொடுக்க வீட்டில் கிடைத்த ஒரே தெளிவான படம், உதட்டில் தேனீ கொட்டி வீங்கியிருந்த நாளில் அடையாள அட்டைக்காக எடுத்தது என்று தெரிந்தபோது சிரித்தேன். சுவரொட்டி அடித்தவர், "முகம் ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலா இருக்கு, சரிசெய்யட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றான் என் மகன். அந்த உதட்டோடுதான் எல்லாச் சந்திப்பிலும் ஒட்டினோம்.

துக்கமும் சிரிப்பும் அருகருகே இருக்கக்கூடியவை என்ற அறிவு எங்கள் பகுதியின் வழக்கங்களில் முன்பே இருக்கிறது. ஆடி அமாவாசையன்று குழித்துறையில் தாமிரபரணி ஆற்றங்கரையில் முன்னோர்க்குப் பலியிடக் கூட்டம் கூடும். அதையொட்டி அதே ஊரில் வாவுபலிப் பொருட்காட்சி நடக்கும். ஈரத் துணியோடு எள்ளும் பச்சரிசியும் ஆற்றில் விட்டு வந்தவர்கள், அன்றோ அடுத்த சில நாள்களிலோ, ராட்டினமும் டெல்லி அப்பளமும் மிளகாய் பஜ்ஜியும் மரக்கன்றுக் கடைகளும் நிறைந்த திடலுக்குள் நுழைவார்கள். இதை அவமரியாதை என்று இங்கே யாரும் நினைத்ததில்லை. அப்பாவுக்கு முதல் பலி போட்ட அன்று மாலை என் மகன் அங்கே ஒரு பலாக்கன்று வாங்கினான். எங்கே நடுவது என்று தொடங்கிய சண்டையில், அவன் அப்பா இருந்திருந்தால் எந்த இடத்தைச் சொல்லி எங்கள் இருவரையும் எரிச்சலூட்டியிருப்பார் என்று பேசிப் பேசி, பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம்.

எல்லா இழப்புகளும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். என்னோடு வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர் தூத்தூர்ப் பகுதிக் கடற்கரை ஊரைச் சேர்ந்தவர். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது ஆழ்கடலில் இருந்த அவருடைய தம்பி திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. இப்படித் தெளிவின்றி நிற்கும் இழப்பை அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் தனி வகையாகவே பிரித்துப் பேசுகிறார், ஏனெனில் அங்கே துக்கத்தைத் தொடங்குவதே துரோகம்போலத் தோன்றும். அந்த வீட்டில், 'அவன் இப்படிச் செய்வானே' என்று ஒரு வேடிக்கைக் கதையைச் சொன்னால், அவன் இறந்துவிட்டதாக ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமோ என்ற அச்சம் பல காலம் இருந்தது. அவனைப் பற்றிய முதல் கேலியை வெளியாள் யாரும் தொடங்கவில்லை. ஒரு கல்லறைத் திருநாளன்று அவர்களுடைய அம்மாதான் தொடங்கினார். சிறுவயதில் பூசைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பந்து விளையாடப் போய், மாட்டிக்கொண்டு அடிவாங்கிய கதை. அவர் சொல்லி முடித்த பிறகுதான் மற்றவர்களுக்கு வாய் திறந்தது. யாருடைய இழப்பு மிகப் பெரியதோ, அவர் முதலில் சிரிக்கட்டும். மற்றவர்கள் பின்னால் வரலாம்.

சிரிப்பே வராமல் போவதும் உண்டு. மாதங்கள் பல கடந்தும் உணவு, உறக்கம், வேலை எதுவும் ஒழுங்குக்கு வராமல், உயிரோடிருப்பதே பொருளற்றதாகத் தோன்றினால், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய துக்கம் என்று விட்டுவிடக் கூடாது. ஆறு மாதங்களுக்கு மேலும் தணியாமல் வாழ்வை முடக்கும் துக்கத்தை, சிகிச்சை தேவைப்படும் நிலையாக உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடே ஏற்றிருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

கேள்வி கேட்டவரின் நண்பர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் அவர்களுக்கும் சில வரிகள். துக்க வீட்டுக்குப் போகும்போது ஆறுதல் மொழியைத் தேடிக்கொண்டு போகவேண்டாம். அந்த அம்மாவைப் பற்றி உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருக்கும்: உங்களுக்கு எத்தனை தோசை வைத்தார், எந்தப் பெயரைச் சொல்லித் திட்டினார், எதற்காக உங்களை வாசலிலேயே நிறுத்தினார். "அம்மாவைப் பத்தி ஒண்ணு சொல்லட்டுமா?" என்று கேளுங்கள். சரி என்றால் சொல்லுங்கள். இப்போது வேண்டாம் என்றால், கொடுத்த கட்டன்காப்பியைக் குடித்துவிட்டு, இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிக் கிளம்புங்கள். சொன்னபடி வரவும் வேண்டும்.