டக்டக்கோ (DuckDuckGo) தேடுபொறியில் தேடினால் நம் தகவல் நிஜமாகவே பாதுகாப்பா?

பாதிதான். உங்கள் தேடலையும் ஐபி முகவரியையும் (இணையத்தில் உங்கள் இணைப்பைக் காட்டும் எண்) சேர்த்துச் சேமிப்பதில்லை என்கிறது டக்டக்கோ. விளம்பரமும் அப்போது தேடிய சொல்லை வைத்துத்தான் வரும்: பெங்களூரு மடிவாளாவில் பிஜி (தங்கும் விடுதி) தேடினால் பிஜி விளம்பரம், அவ்வளவுதான். ஆனால் முடிவை கிளிக் செய்து அந்தத் தளத்துக்குள் போய்விட்டால் கதை வேறு, அங்கே இருக்கும் டிராக்கர்கள் (உங்களைப் பின்தொடரும் நிரல்கள்) தம் வேலையைக் காட்டும். 2022இல் டக்டக்கோவின் சொந்த பிரவுசரே, மைக்ரோசாஃப்டுடன் இருந்த ஒப்பந்தம் காரணமாக, பிற தளங்களில் அந்நிறுவனத்தின் டிராக்கர்கள் சிலவற்றைத் தடுக்காமல் விட்டுவைத்தது அம்பலமானது. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் தடுப்பைக் கூட்டினார்கள்.

அப்புறம், ஒயிட்ஃபீல்டு ஆபீஸ் லேப்டாப்பில் இதைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். கம்பெனி கண்காணிப்பு மென்பொருள் வைத்திருந்தால் நீங்கள் தட்டுவதே தெரிந்துவிடும். வேறு வேலை தேடுவதாக இருந்தால் சொந்த போனில், மொபைல் டேட்டாவில் தேடுங்கள்.