பக்கவாதம், கொரிய மருத்துவம், இரத்தப் பரிசோதனை: கேள்வி பதில்

கேள்வி (சித்த மருத்துவ மாணவி): டாக்டர், கொரியாவில் பக்கவாத நோயாளிகளை வகை பிரித்து மருந்து கொடுக்கிறார்களாமே, அது நம் வாதம், பித்தம், கபம் போன்றதா?

பதில்: அணுகுமுறை நெருங்கி வரும், வகைகள் வேறு. சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. மூலம் பக்கவாதத்தை உறுதி செய்துவிட்டுத்தான் வகைக்கே வருவார்கள். தேஜோன் நகரிலுள்ள கொரியப் பாரம்பரிய மருத்துவ ஆய்வு நிறுவனம் இதைச் சீர்ப்படுத்தப் பல மருத்துவமனைகளைச் சேர்த்து ஆய்வு செய்தது. அதில் நிலைத்தவை நான்கு. தீ வெப்பம்: முகச் சிவப்பு, தாகம், நாக்கில் மஞ்சள் படிவு, வேகமான நாடி. ஈரக் கபம்: கனத்த உடல், சளி, தடித்த வெண்படிவு, வழுக்கிச் செல்லும் நாடி. கீ (உயிராற்றல்) குறைவு: வெளிறிய முகம், அயர்ச்சி, தளர்ந்த நாடி. யின் (உடலின் குளிர்ச்சி, ஈரத்தன்மை) குறைவு: மெலிவு, கன்னச் சிவப்பு, இரவு வியர்வை, படிவில்லாத சிவந்த நாக்கு. இரத்தத் தேக்கம் ஐந்தாவதாக இருந்தது. அதில் சேர்ந்தவர்கள் மிகக் குறைவு என்பதால் பின்னர் விடப்பட்டது.

கேள்வி: எந்த வகைக்கு எந்த இரத்த அளவு ஏறும்? அட்டவணையாகக் கிடைத்தால் நல்லது, சார்.

பதில்: அட்டவணை போட்டால் அதை வைத்தே வகை சொல்லத் தொடங்கிவிடுவார்கள். அதனால் காரணத்தோடு சொல்கிறேன். நம்பத்தக்கதாகத் தெரிவது ஈரக் கபத்துக்கும் பருமன், இடுப்புச் சுற்றளவு, ட்ரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு ஆகியவற்றுக்கும் உள்ள தொடர்பு. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பருத்த உடலைப் பார்த்துத்தான் மருத்துவர் 'ஈரக் கபம்' என்கிறார். பருத்தவருக்கு ட்ரைகிளிசரைடு கூடுவது இயல்பு. உடல் எடையைக் கணக்கில் கழித்த பிறகும் வேறுபாடு நின்றால்தான் அது புதிய செய்தி.

தீ வெப்பத்துக்கு வெள்ளணு எண்ணிக்கையும் அழற்சியைக் காட்டும் புரதமான சி.ஆர்.பி.யும் பார்க்கத் தோன்றும். விழுங்க முடியாமல் உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியா வந்தவருக்கும் முகம் சிவக்கும், நாக்கு காயும், சி.ஆர்.பி. ஏறும். லிட்டருக்கு 10 மி.கி.க்கு மேல் இருந்தால் முதலில் மார்பு எக்ஸ்ரேயும் சிறுநீர்ப் பரிசோதனையும் பாருங்கள். குறைவு வகைகள் இரண்டிலும் அல்புமின் என்ற இரத்தப் புரதமும் ஹீமோகுளோபினும் பேசப்படும். அங்கே வயது குறுக்கே நிற்கிறது. எண்பது வயதுக்காரரின் அல்புமின் குறைவு கீ குறைவாலா, சாப்பாடு இறங்காததாலா என்று அந்த எண் மட்டும் சொல்லாது.

கேள்வி (ஆய்வக நுட்பர்): இரத்தம் எடுக்கும்போது எதில் கவனம் வேண்டும்?

பதில்: ஆய்வுகள் பாதி கெடுவது இங்கேதான். நோய் தொடங்கி எத்தனையாவது நாள் என்று ஒவ்வொரு குழாய்க்கும் எழுதுங்கள். பக்கவாதம் வந்த முதல் நாட்களில் கொழுப்பளவு இறங்கும், சர்க்கரை உடலுக்கு நேர்ந்த அதிர்ச்சியால் ஏறும். இரண்டாம் நாள் நோயாளியையும் இருபதாம் நாள் நோயாளியையும் ஒரே குவியலில் போட்டால் வகைக்குப் பதிலாக நாள் வித்தியாசத்தைத்தான் அளப்பீர்கள். சர்க்கரைக்கு, கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி.யும் சேர்த்துப் பாருங்கள்.

8 முதல் 12 மணி நேரம் வெறும் வயிறு. மூக்குக் குழாய் வழி உணவு ஏறுபவருக்கு 'வெறும் வயிறு' என்று படிவத்தில் டிக் மட்டும் அடித்துவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு. உணவு நிறுத்திய நேரத்தைக் கேட்டு எழுதுங்கள். டிரிப் ஏறாத கையில் எடுங்கள். கையில் இறுக்கும் பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் இருந்தால் இரத்தம் செறிந்து அல்புமினும் அணுக்களும் கூடுதலாகக் காட்டும்.

முதலில் நீல மூடி சிட்ரேட் குழாய், அடுத்து சீரம் குழாய், கடைசியில் ஊதா மூடி இ.டி.டி.ஏ. குழாய். வரிசை மாறி இ.டி.டி.ஏ. சீரத்தில் கலந்தால் பொட்டாசியம் பொய்யாக ஏறும், கால்சியம் இறங்கும். சிட்ரேட் குழாயில் 0.3 மி.லி. திரவத்துக்கு 2.7 மி.லி. இரத்தம் கோட்டளவு நிரம்ப வேண்டும். குறைந்தால் உறைதல் நேரம் நீண்டு காட்டும். சீரம் குழாயிலுள்ள இரத்தம் 30 நிமிடம் உறையட்டும், 2 மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிரித்துவிடுங்கள். பிரிக்காமல் வைத்தால் குளுக்கோஸ் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் கரையும். சேமிப்பதென்றால் சிறு குழாய்களில் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். உருக்கியதைத் திரும்ப உறைய வைக்காதீர்கள்.

'கெட்ட கொழுப்பு' எனப்படும் எல்.டி.எல்.லைச் சூத்திரத்தால் கணக்கிடுபவர்கள் கவனிக்க: ட்ரைகிளிசரைடு டெசிலிட்டருக்கு 400 மி.கி.யைத் தாண்டினால் அந்தச் சூத்திரம் செல்லாது. ஈரக் கபக் குழுவில்தான் இப்படிப்பட்டவர்கள் அதிகம் இருக்க வாய்ப்பு.

கேள்வி: என் தரவில் 30 பரிசோதனை, 4 வகை. ஐந்தாறு இடங்களில் பி மதிப்பு (தற்செயலாகவே இப்படி வரும் வாய்ப்பு) 0.05க்குக் கீழே வந்திருக்கிறது. எழுதலாமா?

பதில்: எழுதாதீர்கள். 30ஐ 4ஆல் பெருக்கினால் 120 சோதனை. எதுவுமே உண்மையில்லாமல் இருந்தாலும் சராசரியாக 6 இடங்களில் அப்படி வரும். பல சோதனைகளுக்காக எல்லையை இறுக்கும் பான்ஃபெரோனி முறைப்படி 0.05ஐ 120ஆல் வகுத்தால் எல்லை சுமார் 0.0004. கொழுப்பளவுகள் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதால் அது மிகக் கடுமையாகத் தோன்றினால் பொய்க் கண்டுபிடிப்பு விகிதத்தைக் கட்டுப்படுத்தும் முறையைக் கையாளுங்கள். வயது, பாலினம், உடல் எடை, புகை, எத்தனையாவது நாள், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை இவை புள்ளியியல் கணக்கு மாதிரியில் இருந்தே ஆக வேண்டும். ஸ்டாட்டின் எல்.டி.எல்.லோடு சி.ஆர்.பி.யையும் இறக்கும். அதை விட்டுவிட்டால் மருந்தின் விளைவை வகையின் விளைவாக எழுதிவிடுவீர்கள்.

கேள்வி: ஒரே நோயாளிக்கு இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாக வகை சொல்ல, இருவரும் ஒத்துப்போன நோயாளிகளை மட்டும் எடுத்தால் சுத்தமாக இருக்காதா?

பதில்: தொடர்பு இருக்கிறதா என்று தேடும் முதல் கட்டத்துக்குச் சரி. துல்லியம் சொல்லும்போது ஏமாற்றும். குழப்பமானவர்களை வெளியே அனுப்பிவிட்டுத் தெளிவானவர்களிடம் மட்டும் சோதித்தால் எந்தக் கருவியும் நன்றாகத்தான் தெரியும். வார்டில் குழப்பமானவர்களும் படுத்திருக்கிறார்கள். ஒப்புதல் 70 சதவீதம், தற்செயல் ஒப்புதல் 30 சதவீதம் என்றால் தற்செயலைக் கழித்த ஒப்புதல் அளவான கப்பா 0.57, அதாவது நடுத்தரம். அளவுகோலே அவ்வளவுதான் என்றால் இரத்தக் குறியீடு அதைவிடத் துல்லியம் என்று நிறுவ வழியே இல்லை. என் கருத்தில் இந்தத் துறையின் முதல் வேலை இங்கேதான். இன்னொன்று: வகை எழுதி முடிக்கும்வரை மருத்துவர்கள் இரத்த அறிக்கையைப் பார்க்கக் கூடாது.

கேள்வி: பேச முடியாத நோயாளிக்கு?

பதில்: தாகம், உள்ளங்கைச் சூடு பற்றிய கேள்விகளுக்கு 'இல்லை' என்று நிரப்பாமல் 'தெரியவில்லை' என்று எழுதுங்கள். வாய் வழி மூச்சு விடுபவரின் நாக்கு காய்ந்திருக்கும், அது யின் குறைவு ஆகாது.

கேள்வி: கொரியாவில் வேலை பார்க்கும் என் தம்பி சொன்னான், பக்கவாதம் வந்தால் உடனே ஊஹ்வாங்-சொங்சிம்வொன் என்ற பாரம்பரிய மருந்து உருண்டை கொடுப்பார்களாம். சரியா?

பதில்: கூடாது. விழுங்கும் திறன் போயிருந்தால் அது மூச்சுக்குழலுக்குப் போகும். அங்கே அவசர உதவி எண் 119ஐ அழைக்கச் சொல்லுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஆல்டிப்ளேஸ் ஊசிக்கு நோய் தொடங்கியதிலிருந்து 4.5 மணி நேரமே அவகாசம். அதற்கு முன் எல்லோருக்கும் கட்டாயமான ஒரே இரத்தப் பரிசோதனை சர்க்கரை. இதுவரை பேசிய எதற்காகவும் அந்த ஊசி ஒரு நிமிடம்கூடத் தள்ளிப்போகக் கூடாது.

கேள்வி: கஷாயமும் ஆங்கில மருந்தும் சேர்ந்து போகும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: பொட்டாசியம், இரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பல கொரியக் கஷாயங்களில் அதிமதுரம் உண்டு. அதிலுள்ள கிளிசிரைசின் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றி, இரத்த அழுத்தத்தை ஏற்றும். பக்கவாதம் வந்தவருக்கு இது நேரடி ஆபத்து. சிறுநீர் பிரிக்கும் மாத்திரையும் இருந்தால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 மில்லிமோலுக்குக் கீழே போனால் கஷாயத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவருக்கு டான்ஷென் என்ற மூலிகை வேர் சேர்ந்து ஐ.என்.ஆர். ஏறிய நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. கஷாயம் தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் ஐ.என்.ஆர். பாருங்கள், நிறுத்தும்போது பார்ப்பதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.